தாளும் தக்கையும் ஒரு பழைய ஹெரால்டும்

நான் புதுப்பேட்டைப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பதரை மணி. அப்பாவின் ஹெரால்டு கார் குழிக்கு மேல் நின்றிருந்தது. எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தகரத் தொட்டியான ஆயில் சம்ப்பை முதல் நாளே கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிச் செய்தித்தாள் மேல் மல்லாத்தி வைத்திருந்தார்கள். பட்டறைக்காரர் பாய் அதன் விளிம்பின் மேல் ஓர் எஃகு ஸ்கேலை நிறுத்தி, கண்ணை அந்த மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா" என்றவர் ஸ்கேலை எடுக்கவில்லை. "இங்க குனிஞ்சு பாருங்க. வெளிச்சம் தெரியுதா?"

தெரிந்தது. ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் தகரம் மேடிட்டு எழுந்திருந்தது. துளைக்கும் துளைக்கும் நடுவே பள்ளம். ஸ்கேலுக்கு அடியில் அந்தப் பள்ளங்களின் வழியாகக் காலை வெளிச்சம் கீற்றுக் கீற்றாக வந்தது.

"இதுக்கு எந்த பேக்கிங் போட்டாலும் நிக்காது. போன தடவை ஒழுகுனதும் இன்னும் இறுக்கியிருக்காங்க. இறுக்க இறுக்க துளைகிட்ட மட்டும் தகரம் மேல வந்துருச்சு. நடுவுல புடிப்பே இல்ல. அப்புறம் ஒழுகாம என்ன செய்யும்?"

புத்தகங்களில் கேஸ்கட் என்று இருப்பதற்கு இங்கே பேக்கிங் என்று பெயர். இரண்டு உலோக முகங்கள் எவ்வளவு நேர்த்தியாகக் கடையப்பட்டிருந்தாலும் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்துவதில்லை. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். அந்த இடைவெளியில் எண்ணெயோ தண்ணீரோ பெட்ரோலோ வழி கண்டுபிடிக்காமல் இருக்க நடுவில் மிருதுவாக ஒன்று வேண்டும். அதைக் கையால் வெட்டுவதைப் பார்க்கத்தான் ஒரு நாள் முழுக்க உட்காருகிறேன் என்று பாயிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன். வந்து உட்கார்ந்த முதல் பத்து நிமிடத்தில் அவர் பேக்கிங் தாளைத் தொடவே இல்லை. முகத்தைத்தான் பார்த்தார். சாயங்காலம் வரை அப்படித்தான் நடந்தது. வெட்டியது கொஞ்ச நேரம், பார்த்ததும் அளந்ததும்தான் அதிக நேரம்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் ஹெரால்டு செய்யத் தொடங்கியது 1961-ல். உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜோவான்னி மிகெலோட்டி. எஞ்சின் 948 சிசி. எங்களுடையது நாலு கதவு மார்க் 3. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் செய்யப்பட்டது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எங்கள் தெருமுனையில் இன்றும் ஒரே திருப்பில் திரும்புகிற கார் அது ஒன்றுதான். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு மூக்கு முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

1988-ல் அந்தத் தொழிற்சாலை ஓய்ந்தது. ஹெரால்டு அதற்கும் முன்பே நின்றுவிட்டது. பேக்கிங் செட் இங்கிலாந்திலிருந்து இன்றும் வரவழைக்கலாம். அங்கே இந்த எஞ்சின் குடும்பத்துக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு தாளுக்காகத் தபால் செலவும் சுங்கமும் கட்டிக் காத்திருக்க முடியாது. இங்கே எப்போதாவது கிடைக்கும் பழைய சரக்கு பாக்கெட்டுகளும் நம்பத் தக்கவை அல்ல. அலமாரியில் பல வருடம் கிடந்த தாளும் தக்கையும் ஈரம் வற்றிச் சுருங்கிவிடுகின்றன. சம்ப் போல நீளமான பேக்கிங் என்றால் ஒரு முனையில் துளை சரியாக உட்காரும், மறுமுனையில் கால் அங்குலம் குறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் பழைய நீளத்துக்கு வரும் என்று பாய் சொன்னார். தக்கையை அப்படி ஊறவைத்து அவர் போட்டிருக்கிறாராம். முறுகி விரிசல் விட்டிருந்தால் அதுவும் பலிக்காது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே ஒழுக்கலுக்காக வேறொரு பட்டறையில் வண்டியை விட்டோம். அவர்கள் பேக்கிங்கே போடவில்லை. சம்ப் விளிம்பு முழுக்க சிலிகான் பசையைப் பிதுக்கி மூடிவிட்டார்கள். இரண்டு மாதம் ஒரு சொட்டு இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு ஒரு நாள் திண்டிவனம் தாண்டியதும் ஆயில் விளக்கு மினுக்கத் தொடங்கியது. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். சம்ப்பைத் திறந்தபோது ஆயில் பம்ப் உறிஞ்சுகிற வாயின் சல்லடையில் நீல நிற ரப்பர் புழுக்கள் ஒட்டியிருந்தன. விளிம்பில் பிதுக்கிய பசை வெளியே எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்குகிறது. வெளியே உள்ளதைத் துடைத்துவிடலாம். உள்ளே உள்ளது பிய்ந்து எண்ணெயில் மிதந்து சல்லடைக்குப் போகிறது. எஞ்சின் பேரிங் தப்பித்தது அதிர்ஷ்டம். அன்றைய கோபம்தான் என்னை இந்தப் பெஞ்சுக்குக் கொண்டுவந்தது. இந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்று என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

பாய் சம்ப்பின் விளிம்பைத் தட்டையான இரும்புக் கட்டையின் மேல் வைத்தார். துளையைச் சுற்றி எழுந்திருந்த மேட்டின் மேல் ஒரு மரத்துண்டை வைத்து மெல்லத் தட்டினார். ஒரு துளைக்கு ஏழெட்டுத் தட்டு. பிறகு ஸ்கேல். மறுபடி தட்டு. சம்ப்பைச் சுற்றி வர முக்கால் மணி நேரம் ஆனது. பையன் ஒருவன், பதினெட்டு வயதிருக்கும், இதற்குள் எஞ்சின் பக்கத்து முகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். வார்ப்பிரும்பு முகத்துக்கு எஃகுச் சுரண்டி. முன்பக்கம் அலுமினியம் இருக்கும் இடத்துக்கு வந்ததும் பாய் திரும்பிப் பார்க்காமலே, "பித்தளை எடு" என்றார். சுரண்டும் ஓசை மாறியதைக் கேட்டே சொன்னார். அலுமினியத்தில் எஃகு ஒரு கீறல் போட்டால் அந்தக் கீறலே ஒழுக்கலுக்குக் கால்வாய்.

சைலன்சர் பக்கத்து முகத்துக்கு வந்தபோது நான் தடுத்தேன். சாம்பல் நிறத்தில் நார் நாராகக் காய்ந்து ஒட்டியிருந்த பழைய பேக்கிங் அது. அந்தக் காலத்து வண்டிகளில் சூடான இடங்களுக்கெல்லாம் கல்நார்தான், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. பிரிட்டன் 1999-ல் முழுதாகத் தடை செய்தது. இங்கே வெள்ளைக் கல்நாரை இன்றும் இறக்குமதி செய்கிறோம். அதன் தூசு நுரையீரலில் தங்கிவிடும். நோய் வெளியே தெரிய இருபது, முப்பது, நாற்பது வருடம்கூட ஆகும். கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும் காற்றுக் குழாயால் ஊதுவதும்தான் மிக மோசம். சோப்புத் தண்ணீர் நிரப்பிய ஸ்ப்ரே பாட்டிலை இதற்காகவே பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன்.

"இத்தனை வருஷம் ஊதித்தாம்மா தள்ளுனோம்" என்றார் பாய். சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு பையனிடம், "அம்மா சொல்றபடி செய்டா. மூக்கையும் கட்டிக்க" என்றார். நனைத்து, ஊறவிட்டு, ஈரமாகவே சுரண்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டோம். வீட்டில் பழைய வண்டியைத் தாமே பிரிக்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. புதிதாக வாங்கும்போதும் கல்நார் இல்லாத ஷீட் என்று கேட்டு வாங்க வேண்டும். அராமிட் நார் கலந்த ஷீட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன.

பட்டறையின் மூலையில் சுருட்டி வைத்த ஷீட்டுகளைப் பாய் பிரித்துக் காட்டினார். பழுப்பு நிற பேக்கிங் பேப்பர் மூன்று தடிமனில்: 1/64, 1/32, 1/16 அங்குலம். மில்லிமீட்டரில் சொன்னால் சுமார் 0.4, 0.8, 1.6. ரப்பர் கலந்த கார்க். சூட்டுக்கான நார் ஷீட். பேப்பர் என்று பெயரே தவிர இது எழுதுகிற தாள் அல்ல. எண்ணெயும் தண்ணீரும் ஊடுருவாதபடி பதப்படுத்திய நார்த்தாள். மடித்தால் தோல் போல வளையும். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், பெட்ரோல் பம்ப், டைமிங் கவர் எல்லாவற்றுக்கும் அது போதும். தண்ணீர் ஓடும் இடத்தில் சூடு நூறு டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சைலன்சர் பக்கம் பல நூறு டிகிரி. அங்கே தாள் வைத்தால் கருகிப் பொடியாகிவிடும்.

அதே பெஞ்சில் ஓர் அம்பாசடரின் வாட்டர் பம்ப் கிடந்தது. சுத்தியலால் பேக்கிங் வெட்டுவதைக் காட்ட அதுதான் சரி என்றார், ஏனென்றால் அதன் உடம்பு வார்ப்பிரும்பு. 1/32 பேப்பரில் ஒரு துண்டை முகத்தின் மேல் விரித்தார். முதலில் ஒரு போல்ட் துளை. டப்பாவிலிருந்து ஒரு பேரிங் பால் எடுத்தார், அரை அங்குலம் இருக்கும். தாளுக்கு அடியில் துளை இருக்கும் இடத்தைப் பெருவிரலால் தடவிக் கண்டுபிடித்து, அந்தப் பள்ளத்தில் பாலை வைத்து ஒரே ஒரு தட்டு. பாலை எடுத்தால் தாளில் வட்டமான துளை. வெட்டுப்பட்ட சிறு வில்லை துளைக்குள் விழுந்திருந்தது. துளையின் இரும்பு விளிம்பே கத்தியாகிவிடுகிறது. அந்தத் துளையில் ஒரு போல்ட்டைச் செருகினார். எதிர்மூலைத் துளைக்கும் அப்படியே. இரண்டு போல்ட் நின்றுவிட்டால் தாள் எங்கும் நகராது. அதற்குப் பிறகுதான் மற்ற துளைகள், பிறகு தண்ணீர் போகும் பெரிய வாய், கடைசியில் வெளி விளிம்பு.

வெளி விளிம்புக்குச் சுத்தியலின் உருண்டைத் தலை. ஓங்கி அடிப்பதில்லை. விளிம்பின் மேல் சாய்வாக, டொக் டொக் என்று ஒரே சீராக, சுத்தியலின் கனம் மட்டும் விழும்படி. முதலில் தாளில் ஒரு கோடு பளபளத்தது. இரண்டாம் சுற்றில் அந்தக் கோடு வெளுத்தது. மூன்றாம் சுற்றில் கழிவுத் துண்டு தானாகத் தொங்கியது. அவர் அதைப் பிய்க்கவில்லை. விட்டுப்போன இரண்டு இடத்தில் இன்னும் இரண்டு தட்டு, அவ்வளவுதான், விழுந்துவிட்டது. பிய்த்தால் அந்த இடத்தில் தாளின் நார் உரிந்து மெலிந்துவிடும், ஒழுக்கல் அங்கே தொடங்கும் என்றார். எடுத்துக் காட்டிய பேக்கிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிசிறே இல்லை.

எங்கள் ஹெரால்டின் தெர்மோஸ்டாட் மூடி அலுமினியம். அதில் சுத்தியலை வைக்கவே விடமாட்டேன் என்றார். பாலை வைத்துத் தட்டினால் துளையின் வாய் நசுங்கும், விளிம்பைத் தட்டினால் முனை மழுங்கும். இப்படி மழுங்கிய முகங்களைப் பழைய வண்டிகளில் நிறையப் பார்த்திருக்கிறாராம். எனவே அச்சு எடுக்கும் முறை. மூடியின் முகத்தில் பழைய கருத்த கிரீஸை விரலால் மெல்லிய படலமாகத் தடவினார். தாளின் மேல் ஒரே தடவை நேராக வைத்து, அழுத்தி, நேராகவே எடுத்தார். வடிவம் கறுப்பாகப் பதிந்தது. அதிகம் தடவினால் ஓரம் கசிந்து கோடு தடித்துவிடும். துளைகளுக்குக் குழல் உளி. பலகையின் மேல் அல்ல, மரத்தை அறுத்த குறுக்குவெட்டு முகத்தின் மேல் வைத்து அடிக்க வேண்டும். குறுக்குவெட்டில் மர நார் நிமிர்ந்து நிற்பதால் உளியின் வாய் இறங்கி மீளும், மழுங்காது. துளையை போல்ட்டைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாகப் போட்டார். இல்லாவிட்டால் போல்ட் நுழையும்போது தாளை இழுத்துச் சுருக்கிவிடும்.

வளைவை வெட்ட எனக்குக் கத்தரிக்கோல் கொடுத்தார். நான் கத்தரியைத் திருப்பித் திருப்பி வெட்ட, ஓரம் முக்கு முக்காக வந்தது. அவர் என் இடது கையைச் சுட்டினார். "கத்திரிய அசைக்காதீங்க. தாளத் திருப்புங்க." கத்தரியை ஒரே இடத்தில் வாயை முழுக்க மூடாமல் நிறுத்தி, தாளை மட்டும் அதற்குள் ஊட்டிக்கொண்டே வந்தேன். வளைவு வழுக்கிக்கொண்டு வந்தது. தையல்காரர்களும் கழுத்து வெட்டும்போது இதையே செய்வார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சம்ப். இதற்கு கார்க், அதாவது தக்கை. கார்க் என்பது ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. உலகத்துக்கு வேண்டியதில் பாதியளவு போர்ச்சுகல்லில் இருந்து வருகிறது. அந்தப் பட்டையைப் பொடித்து ரப்பரோடு சேர்த்து ஷீட்டாக்குகிறார்கள். தகரத்தால் செய்த மூடிகளுக்கு ஏன் தாள் இல்லாமல் தக்கை என்று கேட்டேன். பாய் ஒரு துண்டு ரப்பரையும் ஒரு துண்டு கார்க்கையும் வைஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இறுக்கினார். ரப்பர் இரு பக்கமும் பிதுங்கியது. கார்க் பிதுங்கவில்லை, அப்படியே மெலிந்தது. உள்ளே காற்று அடைத்த நுண்ணிய அறைகள்தான் கார்க். அழுத்தினால் தனக்குள்ளேயே ஒடுங்கும், பக்கவாட்டில் ஓடாது. தகரம் கொஞ்சம் நெளிந்திருந்தாலும் அந்த நெளிவுக்கு ஏற்ப அது ஒடுங்கிக்கொள்ளும். ஆனால் அளவுக்கு மேல் இறுக்கினால் வெடித்துவிடும். ஹெரால்டின் டேப்பெட் கவருக்கு இரண்டே நட்டுதான். அதில் ஸ்பேனரின் நுனியைப் பிடித்து பலம் காட்டுகிறவர்களால்தான் அந்த கவர் ஒழுகுகிறது.

சம்ப்பை கார்க் ஷீட்டின் மேல் கவிழ்த்துப் பென்சிலால் உள்ளும் வெளியும் கோடு போட்டார்கள். ஷீட்டின் நீளம் ஒரு பக்கம் போதவில்லை. இணைப்பை மூலையில் வைக்காமல் நேரான பக்கத்தில் வைத்தார். இரண்டு முனைகளையும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டு மாட்டும்படி வெட்டினார். குழந்தைகளின் வெட்டுப்படத் துண்டுகள் சேர்வது போல அது உட்கார்ந்தது. அந்த இணைப்பில் மட்டும் பசையில் ஒரு பொட்டு. அன்று முழுவதும் சிலிகான் குழாயை அவர் எடுத்தது அந்த ஒரு முறைதான்.

இந்த எஞ்சினில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வந்தது. சம்ப்பின் முன்பக்கத்தில், கிராங்க் தண்டுக்குக் கீழே, பாலம் போல ஓர் அலுமினியத் துண்டு இருக்கிறது. அந்தப் பாலத்தின் இரண்டு ஓரத்திலும் அதற்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே சிறிய காடி. அந்தக் காடியை அடைக்க வடிவமைத்தவர்கள் வைத்தது மரத்துண்டு. எஞ்சினுக்குள் எண்ணெயைத் தடுக்க இரண்டு மரச்சில்லு! நான் இதை முன்பு படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. போன முறை வேலை செய்தவர்கள் அதை அழுக்கு என்று நினைத்து நோண்டி எறிந்திருக்க வேண்டும். காடியில் சிலிகான்தான் அடைந்திருந்தது. ஒழுக்கலில் பாதி அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

பாய் ஒரு பழைய மரப்பெட்டியின் பலகையிலிருந்து இரண்டு சில்லு செதுக்கினார். காடியை வெர்னியரால் அளந்து, மரத்தை இம்மி பெரிதாக விட்டார். உப்புத்தாளில் தேய்த்து, காடியில் வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து. நாலைந்து முறை. பிறகு சின்னச் சுத்தியலால் தட்டி இறக்கினார். வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைக் கூர்மையான உளியால் மட்டத்துக்குச் சீவினார். விரலை வைத்து இரும்பு, மரம், அலுமினியம் மூன்றின் மேலும் ஒரே இழுப்பாக இழுத்துப் பார்க்கச் சொன்னார். எது எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

சம்ப் ஏறும்போது போல்ட்டுகள் எல்லாவற்றையும் முதலில் விரலாலேயே போட்டான் பையன். பிறகு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் எதிரெதிராக, குட்டை ஸ்பேனரால் சிறிது சிறிதாக மூன்று சுற்று. அலுமினியப் பாலத்தில் ஏறும் போல்ட்டுகளை பாயே முடுக்கினார். அந்த மரை மென்மையானது, ஒரு முறை அறுந்தால் பாலமே போய்விடும்.

சம்ப் நட்டுக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷரை மாற்ற வேண்டாமா என்று கேட்டேன். அதே வாஷரை இடுக்கியால் பிடித்து கேஸ் அடுப்பில் காட்டினார். மங்கிய சிவப்பு வந்ததும் தண்ணீரில் போட்டார். கரும்படலம் உரிந்து ரோஜா நிறத்தில் வெளியே வந்தது. நசுங்கி நசுங்கி இறுகிப்போன செம்பு சூடேறினால் மறுபடி மிருதுவாகிவிடும். எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும். செம்புக்கு அப்படி ஆகாது. கையில் கொடுத்தார். காலையில் வளைக்க முடியாதது இப்போது விரலுக்கே வளைந்தது.

டீ வந்தது. பழைய கதைகள் வந்தன. வழியில் நின்றுபோன ஒரு பியட்டுக்குக் கல்யாணப் பத்திரிகையின் அட்டையை வெட்டி கிரீஸில் தோய்த்து தெர்மோஸ்டாட் பேக்கிங்காகப் போட்டு விழுப்புரத்திலிருந்து ஊர் வந்து சேர்ந்ததைச் சொன்னார். வந்ததும் அதைக் கழற்றிச் சரியான தாள் போட்டாராம். அந்த இரண்டாவது வாக்கியத்தை அழுத்திச் சொன்னார்.

ஹெட் கேஸ்கட்டையும் இப்படி வெட்டலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "அதத் தொடமாட்டேன். அது நெருப்புக்கும் தண்ணிக்கும் எண்ணெய்க்கும் நடுவுல நிக்கிற ஆளு." சிலிண்டருக்குள் வெடிப்பு நடக்கும் வாயைச் சுற்றி அதற்கு உலோக வளையம் மடித்திருக்கும். தடிமன் கொஞ்சம் மாறினாலும் கம்ப்ரஷன் மாறும். அதை வாங்கித்தான் போட வேண்டும். இங்கிலாந்திலிருந்து வரும்வரை காத்திருந்தாலும் பரவாயில்லை. கையால் எதைச் செய்யலாம் என்பதைவிட எதைச் செய்யக் கூடாது என்று அவர் சொன்ன இந்த இடத்தில்தான் எனக்கு அவர் கையின் மேல் நம்பிக்கை கூடியது.

தடிமன் பற்றி அவர் இன்னொன்றும் சொன்னார், அது எனக்குப் புதிது. பெட்ரோல் பம்ப்பின் கை எஞ்சினுக்குள் நீண்டு கேம் தண்டின் மேல் உரசி இயங்குகிறது. பேக்கிங்கைத் தடிமனாக வைத்தால் பம்ப் அந்த அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும், கைக்குக் கிடைக்கும் அசைவு குறையும், பெட்ரோல் போதாது. மெலிதாக வைத்தால் கை அளவுக்கு மீறி அழுந்தும். தடித்தால் நல்லது, இரண்டு போட்டால் இன்னும் நல்லது என்று நினைப்பவர்கள் பம்ப் கெட்டுவிட்டது என்று புது பம்ப் தேடி அலைவார்கள். பழைய பேக்கிங் எவ்வளவு கிழிந்திருந்தாலும் புதிதைப் போட்டு முடிக்கும்வரை தூக்கி எறியாதீர்கள் என்றார். வெர்னியரில் அளக்க ஒரு துண்டு மிஞ்சினால் போதும்.

ஒட்டுவதற்கு அவர் பெரும்பாலும் பயன்படுத்துவது அரக்கு. கடையில் ஷெல்லாக் என்று பாட்டிலில் வருகிறது, மரச்சாமான் பாலிஷ் போடுகிற அதே பொருள். பூச்சி சுரக்கும் பிசினை ஆல்கஹாலில் கரைத்தது. எண்ணெயிலும் பெட்ரோலிலும் கரையாது என்பதால் காலங்காலமாக இணைப்புகளில் அதைத்தான் தடவினார்கள். சில வருடமாக பெட்ரோல் பம்ப் பக்கம் போட்ட அரக்கு மட்டும் பிசுபிசுத்து இளகி வருவதைக் கவனித்திருக்கிறார். காரணம் பெட்ரோலில் இப்போது கலந்து வரும் எத்தனால், 20 சதவீதம் வரை. எத்தனாலும் ஆல்கஹால்தானே, அரக்கு எதில் கரையுமோ அதுவே குழாய் வழியாக வந்துகொண்டிருக்கிறது. சிலிகானோ பெட்ரோலில் ஊதிப்போகும். ஆகவே பெட்ரோல் படும் இடத்தில் இப்போது அவர் எதையும் தடவுவதில்லை. சுத்தமான முகம், சரியான தடிமன், வெறும் தாள்.

ஐந்து மணிக்கு எஞ்சினைக் கிளப்பினார்கள். ஆயில் விளக்கு உடனே அணைந்தது. சூடேறும்வரை ஓடவிட்டு, நிறுத்தி, ஆறவிட்டு, சம்ப் போல்ட்டுகளை இன்னொரு சுற்று தொட்டுப் பார்த்தார்கள். கார்க் உட்கார்ந்ததில் கால் திருப்பு இடம் கொடுத்தது. குழிக்குள் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் மரச்சில்லு இருந்த இடம் உலர்ந்திருந்தது. பின்பக்கத்தில், ஃபிளைவீலுக்கு அருகே, ஈரம் மினுங்கியது.

"அது வரும்மா" என்றார் பாய் மேலிருந்து. இந்த எஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டைச் சுற்றித் திருகு மரை போல ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். தண்டு சுழலும்போது அந்தப் பள்ளம் எண்ணெயை உள்ளுக்கே திருப்பித் தள்ளும். நின்றால் தள்ள ஆள் இல்லை, ஒரு சொட்டு வெளியே வரும். வண்டலூரிலிருந்து புதிதாக வந்தபோதும் வந்திருக்கும். அதற்குப் பேக்கிங் கிடையாது.

இரவு வீட்டில் வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்தேன். காலையில் பின்பக்கம் ஒரு நாணயம் அளவுக்கு ஒரே ஒரு வட்டம். முன்பக்கத்துத் தாள் வெள்ளையாக இருந்தது. பெட்ரோல் பம்ப்பின் பேக்கிங்கை மட்டும் பாய் மாற்றவில்லை. ஓரம் லேசாகக் கசிகிறது, ஞாயிற்றுக்கிழமை நீங்களே வெட்டிப் போடுங்கள் என்று ஒரு முழம் தாளும் குழல் உளி ஒன்றும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பழையதின் ஓரத் துண்டை மூன்று இடத்தில் அளந்து அப்பாவின் சர்வீஸ் நோட்டில், அவர் எழுதிய கடைசிப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், குறித்து வைத்திருக்கிறேன்.